ஆறாவது டப்பா

செயலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செல்போன் வரைபடத்தைப் பார்த்து, ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடும் விளையாட்டுக் குழு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது குடும்பங்கள் கூடப்போகின்றன. போட்டிப் பொறுப்பை ஏற்ற தையற்கடைக்காரம்மா நீட்டிய பட்டியலோ இந்த லட்சணத்தில் இருந்தது.

"மருந்துக்கடை வாசல், பஸ் ஸ்டாப் பெஞ்ச், பூங்காக் குழாயடி, சலூன் படிக்கட்டு, பள்ளிக்கூட கேட்... என்னம்மா இது? கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிடுவாங்களே! போன தடவை பாலத்துக்கு அடியில நான் வச்சதை மூணு மணி நேரம் தேடினாங்க, தெரியுமா?"

"சுலபமாவே இருக்கட்டும் சார். எல்லாரும் அஞ்சு இடத்துக்கும் போகணும், அவ்வளவுதான்."

"டப்பாக்குள்ள என்ன?"

"ஒரே போட்டோவை நாப்பது காப்பி எடுத்து, ஒவ்வொண்ணையும் அஞ்சு துண்டா வெட்டிப் போடுறேன். முதல்ல சேர்த்து ஒட்டுறவங்களுக்குப் பரிசு."

அது கொஞ்சம் தேவலை. ஒரு காப்பியின் துண்டுகளை வாங்கி மேஜைமேல் பொருத்திப் பார்த்தார். படத்தில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் சிரித்தார்.

"யாரு, பழைய நடிகரா?"

"எங்கப்பா. இப்பல்லாம் வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோகுது. ரெண்டு மாசத்துல அஞ்சு தடவை காணாமப் போயிட்டாரு." அவள் பட்டியலைத் தொட்டுக் காட்டினாள். "இங்கெல்லாம்தான் உக்காந்திருந்தாரு."

செயலாளர் பேனாவை எடுத்தார்.

"ஆறாவதா ஒரு டப்பா வேணும்மா. பரிசை அதுல வச்சிடலாம்."

"எங்க சார்?"

"உங்க வீட்டு வாசல்ல. அவரைக் கண்டுபிடிக்கிறவங்களுக்கு எங்க கூட்டிட்டு வரணும்னு தெரிய வேணாமா?"