இலைக்கு அடுத்த பக்கம்

பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்தாளர் ரெஜினாவுக்குப் பேச்சு திரும்பியது; வாசிக்கத்தான் முடியவில்லை. கணவர் அமலதாஸ் குழந்தைகளுக்கான அகரவரிசைப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்க வைத்தார். அன்று வெகுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், “இ... லை. இலை!” என்றாள். அவர் கையை எடுத்தார். பச்சை இலைதான். இருவரும் சிரித்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து கூரியர் வந்தது. பிரித்தால், பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அவளுடைய வாழ்க்கை வரலாறு.

“உன் கதை, ரெஜி. வாசிக்கட்டுமா?”

“வேண்டாம். நானே படிச்சுக்கிறேன். நாளானா ஆகட்டும்.”

புத்தகத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, அகரவரிசைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்திலிருந்த ஒற்றை எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.