பின்னச்சு ஆறும்வரை

கருமாத்தூர் தாண்டியதும் வேப்பமர நிழலில் காரை நிறுத்திவிட்டு முத்திருளன் இறங்கினான்.

"இப்ப என்னய்யா?" என்றார் கண்ணுச்சாமி. காரின் சொந்தக்காரர். அடுத்த மாதம் சோழவரத்தில் நடக்கும் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"பின்னச்சு சூடாயிருச்சுண்ணே. ஆறணும்."

அந்த ஃபியட்டின் பின்சக்கர அச்சைப் பிரித்து, கிரவுன், பினியன் என்கிற பழைய பல்சக்கரச் சோடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே வண்டியைச் சீறவைக்கிற புதுச் சோடியை மாட்டியிருந்தான். கோச்சடையில் அவன் பட்டறை. இந்த வேலைக்கு மதுரையில் அவனைத்தான் தேடி வருவார்கள்.

புதுச் சோடி மாட்டினால் முதலில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். சூடேறியதும் நிறுத்தி ஆறவிட வேண்டும். மறுபடி ஓட்டி, மறுபடி ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் பல் தீய்ந்துவிடும்.

இதில் பொய் எதுவும் இல்லை.

எந்த இடத்தில் நிறுத்துவது என்பது மட்டும் மெக்கானிக்கின் இஷ்டம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. வாசலில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அங்கேதான் அன்னக்கொடி இருந்தாள். போன வருடம் வரை அவன் பெண்டாட்டி.

திருவிழாவுக்கு இந்தத் தாய்வீட்டுக்கு வந்தவள் சொன்ன நாளில் திரும்பவில்லை. அவ்வளவுதான் சண்டை. ஊர்க் கூட்டத்தில் வைக்கோல் துரும்பைக் கிள்ளி அவள் கையில் கொடுத்தது அவன்தான். துரும்பு கைமாறினால் கல்யாணம் அத்துப்போச்சு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்குப் பிறகு அவன் அவள் வாசலை மிதிக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

அவள் அழவில்லை. துரும்பை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

வாசலைத்தான் மிதிக்கக் கூடாது. ரோடு அரசாங்கத்துடையது.

அன்றிலிருந்து அவன் பின்னச்சு வேலை பார்த்த வண்டியெல்லாம் இந்த மரத்தடியில்தான் ஆறின. ஒரு டாக்ஸி. பஞ்சு மில் ஜீப். ஒரு தடவை உர லாரிகூட. அவள் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. சோளத்தைக் கிளறுவாள், உள்ளே போவாள். அது போதும் என்று வண்டியைத் திருப்புவான்.

போதாது. அதனால்தான் மறுபடி மறுபடி வந்தான்.

உசிலம்பட்டிக்காரன் ஒருவன் அவளைப் பெண் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நேற்றுத்தான் காதில் விழுந்தது. ஆவணியில் முடித்துவிடுவார்களாம். அவள் சரி சொன்னாளா என்று தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? துரும்பு கொடுத்தவன் அதைக் கேட்கவும் முடியாது.

வாசலில் இன்று அவளைக் காணவில்லை.

"பந்தயக் காரைக் குடுத்தா மாட்டு வண்டி மாதிரி ஓட்டுற. வைக்கோல் வண்டிக்காரன் நம்மளப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போறான் மாப்ள."

"புதுப் பல்லு ஒண்ணுக்கொண்ணு பழகணும்ணே."

"பழகட்டும் பழகட்டும். அதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிரும்."

வெயில் மேற்கே சாய்ந்தது. மரத்து நிழல் காரை விட்டு நகர்ந்து போயிருந்தது. முத்திருளன் காருக்குப் பின்னால் குனிந்து, பின்னச்சின் நடுவில் இருந்த இரும்பு உருண்டையில் கையை வைத்தான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னும் கொதிக்குதுண்ணே."

கண்ணுச்சாமி சலவை வேட்டிக்காரர். குனிந்து தொட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வீட்ல யாரும்மா? குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

முத்திருளன் காருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டான்.

அன்னக்கொடி செம்போடு வந்தாள். முன்னைக்கு இளைத்திருந்தாள். அவனைக் கடந்து போய்க் கண்ணுச்சாமியிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

"ஒங்க வீட்டு முன்னால வந்து சூடாகி நின்னுபோச்சு தங்கச்சி."

"அது என்னமோண்ணே, மதுரையில உள்ள வண்டியெல்லாம் இங்க வந்துதான் சூடாகுது."

கண்ணுச்சாமி சிரித்தார். முத்திருளன் ரோட்டைப் பார்த்தான். இவள் நிமிர்ந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

செம்பில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் அதோடு காரின் பின்பக்கம் வந்தாள். அவன் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். செம்பைச் சாய்த்து அந்த இரும்பு உருண்டை மேல் ஊற்றினாள்.

கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எந்த மெக்கானிக்கும் பதறித் தடுப்பான். விரிசல் விட்டுவிடும்.

முத்திருளன் தடுக்கவில்லை.

சுர்ரென்று சத்தம் வரவில்லை. ஆவி எழவில்லை. தண்ணீர் சும்மா வழிந்து புழுதியில் சொட்டியது.

"என்னம்மா, ஆறிருச்சா?" என்று முன் சீட்டிலிருந்து கேட்டார் கண்ணுச்சாமி. "ஆறியிருந்தா கிளம்பச் சொல்லு அவன."

அன்னக்கொடி ஈர இரும்பின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். எடுக்கவில்லை. முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கை அங்கேயே இருந்தது.

பிறகு காலிச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க ஆறுதுண்ணே, அனலா அடிக்குது. இருங்க, இன்னொரு செம்பு கொண்டு வாரேன்."