ஒரு வருஷக் கூட்டு

இந்தக் காலத்தில் எவன் சட்டையை எவன் போடுவது என்ற விவஸ்தையே இல்லை. பிட்ஸ்பர்க் பையன்கள் கறுப்பும் பொன்னிறமும் போட வேண்டிய உடம்பில் பிலடெல்பியாக்காரனின் பச்சையை மாட்டிக்கொண்டு, சொந்த ஊர் மைதானத்திலேயே ஓடினார்கள். கிழவர் மாத்தேய்க்கு வயிறு எரிந்தது.

ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை உலகப் போர் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களை வைத்து இரண்டு ஊர்க் கால்பந்து அணிகளையும் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். பயிற்சி பிலடெல்பியாவில். மாத்தேயின் மகன் எமிலும் கோடையிலிருந்து அங்கேதான். பகலில் கப்பல் பட்டறை, மாலையில் பந்து.

இன்று ஆட்டம் முழுக்க எமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் ஆடியவன் கெஸ்லர் என்ற பிலடெல்பியாத் தடியன்.

ஆட்டம் முடிந்ததும் மாத்தேய் உடைமாற்றும் அறை வாசலில் போய் நின்றார். கெஸ்லர்தான் முதலில் வந்தான். அங்கே காத்திருந்த அவன் தங்கை கிழவரைக் கண்டதும் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவள் போட்டிருந்தது தொளதொளவென்று ஓர் ஆம்பளைக் கோட்டு. பிலடெல்பியாப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு கோட்டுகூடக் கிடையாதா என்று அவர் முகம் சுளித்தார்.

"திருட்டுப் பயலே, என் மகன் இடத்தைப் பிடுங்கிக்கிட்டியா?"

கெஸ்லர் தொப்பியைக் கழற்றினான். "அவனுக்குத் தோள்பட்டை வீங்கியிருக்குய்யா. அவன்தான் என்னை ஆடச் சொன்னான்."

"இதை நம்ப நான் என்ன பிலடெல்பியாவுலயா பொறந்தேன்? எமில் எங்க?"

"பின்வாசல் வழியா போயிட்டான். உங்களப் பாக்க பயப்படுறான்."

"அப்பனப் பாக்க என்ன பயம்? நீங்கதான் என்னத்தையோ ஓதி வெச்சிருக்கீங்க. நேத்து இதே ஊர்ல இருந்துக்கிட்டு வீட்டுப் பக்கம் வரல. அவன் ஆத்தா அவிச்சு வெச்ச முட்டைக்கோசு உருண்டை அப்படியே கெடக்கு."

கெஸ்லர் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டுக்கடா. இந்தக் கூட்டு டிசம்பரோட சரி. உங்க பச்சைச் சட்டைய உங்க மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிட்டு என் மகன் வீடு வந்து சேருவான். இரும்பு ஆலையில அவனுக்கு வேலை சொல்லி வெச்சாச்சு. அப்புறம் நீ யாரோ, நாங்க யாரோ."

"அவன் வரமாட்டான்யா."

"புளுகாதடா."

மாத்தேய் திரும்பி நடந்தார். பிலடெல்பியாக்காரன் வாயில் வந்த ஒரு வார்த்தையையும் அவர் நம்புவதாக இல்லை. படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து அந்தத் தடியனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"எமில் போன மாசமே எங்க வீட்டு மாப்பிள்ளை ஆயிட்டான், மாமா."