குலுங்கும் ஸ்டீரிங்

"நெஜ வண்டி மாதிரியே இருக்குன்னு அப்பா சொன்னா இது வீட்ல இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துடணும்," என்றாள் சத்யப்ரியா.

மோகன்குமார் ஆசையாக வாங்கி வந்த கார் பந்தய ஸ்டீரிங் அது. பந்தயத்தில் கார் குழியில் இறங்கினால் கையிலேயே உதறும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கிருஷ்ணகிரி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார் மாரிமுத்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். மோகன்குமார் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகக் கூட்டினான்.

"யப்பா, என்னா ஒதறு ஒதறுது மாப்பிள்ள! சூளகிரி ரோட்ல போற மாதிரியே இருக்கு."

மோகன்குமார் மனைவியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

திடீரென்று உதறல் நின்றது.

"ஆங், இப்ப நல்ல ரோடு வந்துடுச்சு," என்று ரசித்தார் மாமனார்.

சத்யப்ரியா மேசைக்கு அடியில் குனிந்தாள். உதறலுக்கென்று தனியாக வந்த கரண்ட் ஒயர் பிளக்கில் செருகாமலே கிடந்தது. ஜன்னலைத் திறந்தாள். பக்கத்துப் பட்டறையில், சுவரே அதிரத் தகடு அடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டீரிங்கத் திருப்பிடலாங்க," என்றாள். "குழியெல்லாம் பட்டறையில இருந்து சும்மாவே வருது."