சாக்கில் திரும்பி வந்த பழசு

"புதுசையெல்லாம் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடு ஜமால்."

அப்பாதுரை இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு சாக்குப் பையைத் தூக்கி மெக்கானிக் ஜமாலின் காலடியில் போட்டார். உள்ளே இரும்பு மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அது போன வாரம் ஜமாலே கட்டிக் கொடுத்த சாக்கு. எந்த வண்டியில் எதை மாற்றினாலும், கழற்றிய பழசைச் சாக்கில் கட்டி, வண்டிக்காரர் கண் முன்னால் டிக்கியில் வைப்பது பம்மலில் அவர் கடை வழக்கம். மாற்றாமலே மாற்றியதாகச் சொன்னான் என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. அப்படி வாங்கிப் போன பழசைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

அப்பாதுரையின் மாருதிக்குக் கல்யாண வயசு. முன்பக்கம் மொத்தமும் ஆட்டம் கண்டிருந்தது. ஷாக் அப்சார்பர் போய், லோயர் ஆர்ம் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கினால் கடக், மேட்டில் ஏறினால் கடக். மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுத் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அவர் வண்டி ஏறினால் தெருவுக்கே தெரியும். மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது ஜமால்தான். மாற்றிய பிறகு வண்டி பூனை மாதிரி போனது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதா சார்?"

"இல்ல."

"ஸ்டியரிங் எதுனா ஆடுதா?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் இன்னா சார்?"

"சொன்னதைச் செய்யேன்."

ஜமாலுக்கு எரிச்சல் வந்தது. இந்த மனுஷனின் பிடிவாதம் அவருக்குப் புதிதில்லை. பல்லாவரத்தில் தோல் கம்பெனி மேனேஜர். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள மாட்டார். மகள் ரேஷ்மா, தன்கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போன அன்றைக்கு, இனி இந்த வீட்டில் யாரும் அவளோடு பேசக் கூடாது என்று மனைவி காந்திமதியிடம் சத்தியம் வாங்கியவர்.

விவரம் தெரியாமல் ஒரு நாள் இதே இடத்தில், "பாப்பா எப்டி கீது சார்?" என்று ஜமால் கேட்டுவிட்டார். அந்தப் பேச்சே இங்கே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த காந்திமதியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது ஜமாலுக்கு இன்னும் மறக்கவில்லை.

பெற்ற பெண்ணையே கழற்றிப் போட்டவருக்குத் துருப்பிடித்த இரும்பு மேல் இவ்வளவு பாசமா?

"சார், இந்தப் பழைய ஆர்ம்ல கீற பால் ஜாயிண்ட் புட்டுகினா வீல் மடங்கிக்கும். வண்டில அம்மாவும்தான வர்றாங்க. நான் மாட்ட மாட்டேன். வேற கடைய பாத்துக்கோங்க."

அப்பாதுரை கோபித்துக்கொண்டு கிளம்புவார் என்றுதான் ஜமால் நினைத்தார். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் போயிடுச்சு ஜமால்."

"அதுக்குத்தான சார் மாத்துனது."

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார். தினமும் சாயங்காலம் காந்திமதி மகளோடு போனில் பேசுகிறாள். தெருமுனையில் வண்டி கடக் என்றதும் அவசரமாகப் பேச்சை முடித்து, போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். படியேறும்போது ரிசீவரை வைக்கும் சத்தம் அவர் காதில் விழும். உள்ளே போனால் அவள் முகம் தெளிவாக இருக்கும். அவரும் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

"போன வாரம் இங்கேருந்து நேரா வீட்டுக்குப் போனேன். நான் ஹால்ல போய் நிக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரியல. என்னைப் பாத்ததும் போனைக் கீழ போட்டுட்டா. ராங் நம்பர்னு சொன்னா. நானும் நம்பின மாதிரி உள்ள போயிட்டேன். அன்னையிலேருந்து போன் பக்கமே போக மாட்டேங்குறா. சரியா சாப்பிடறதும் இல்ல." குரல் இறங்கியது. "பொண்ணுக்கு இது ஒன்பதாம் மாசம்பா."

இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்றிருந்தது ஜமாலுக்கு. அதற்காகக் கோபமும் முழுசாகப் போய்விடவில்லை.

"பேசிக்கோன்னு நீங்களே சொல்லிடலாமே சார்."

"கூடாதுன்னு சொன்ன வாயி. எத்தனையோ தரம் கிட்டப் போயிட்டேன். வர மாட்டேங்குது."

"சரி, முனையில ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போங்க. அதுக்கு எதுக்கு சார் சஸ்பென்ஷனைக் கழட்டணும்?"

அப்பாதுரை தலையை ஆட்டினார்.

"நான் என்னைக்கு முனையில ஹாரன் அடிச்சேன்? இப்ப அடிச்சா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்."

ஜமால் எழுந்தார். சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். கட்டை அவிழ்த்து, பழைய இரும்பையெல்லாம் உள்ளே அப்படியே கொட்டினார். வெறும் சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு டிக்கியைச் சாத்தினார்.

"எதிர்ல கீற ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு தபா ஏத்தி எறக்குங்க சார். இந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேக்குமான்னு பாத்துக்கலாம்."