கன்னத்தில் ஐந்து விரல்

பெரிய திரையில் தங்கையின் இடது கன்னத்தில் ஐந்து விரல்கள் செக்கச்செவேலென்று எரிந்தன.

நேரில் பார்த்தால் கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடம்புச் சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா அது. சூடு என்றால் சிவப்பு, குளிர்ச்சி என்றால் நீலம். அவளே அப்போதுதான் திரையைப் பார்த்து, சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அது வந்து... அந்த இடத்துல கொஞ்சம் சூடு அதிகம்..." என்று விளக்கம் சொல்லும் பெண் வார்த்தையை மென்று விழுங்கினாள். 

ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், எதையும் தொடலாம், திருகலாம், குத்தலாம் என்று ஆசைகாட்டிய அந்த அறிவியல் காட்சிக்கூடத்துக்குள் நான்கு பேராக நுழைந்திருந்தார்கள். அண்ணன், அவன் மனைவி, தங்கை, தங்கையின் கணவன்.

அண்ணன் சற்று முன்புதான் குத்தின் பலத்தை அளக்கும் மெத்தையில் முதலிடம் பிடித்துவிட்டு வந்திருந்தான். அவன் குத்திக்கொண்டிருந்தபோது பெண்கள் இருவரும் பக்கத்தில் சுவரில் நிழல் காட்டி விளையாடும் அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குளிர்பானம் வாங்கப் போயிருந்தார்.

இப்போது கேமரா முன்னால் வராதது அண்ணி மட்டும்தான். "எனக்கு வேணாம், நீங்க பாருங்க" என்று முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு தூணோரம் ஒதுங்கிவிட்டாள்.

அண்ணனுக்கு யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை. அப்பா அம்மா போனபிறகு தங்கையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன் அவன்.

"என் தங்கச்சி மேலயாடா கை வச்ச?"

முதல் குத்திலேயே மாப்பிள்ளையின் மூக்கு உடைந்தது. அவர் அப்போதுதான் வாங்கிவந்திருந்த குளிர்பான பாட்டில்கள் தரையில் உருண்டன. திரையில் அவர் கைகள் இரண்டும் சில்லென்ற நீலத்தில் இருந்தன, ஆனால் அதையெல்லாம் பார்க்கும் நிதானம் அண்ணனுக்கு ஏது?

தங்கை திகைத்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கண்ணாலேயே கெஞ்சி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"மச்சான், நான் இல்ல... சொல்றதக் கேளுங்க..."

அடுத்த குத்து வாயில் விழுந்தது. ஒரு பல் தெறித்தது. விழுந்தவரின் காலரைப் பிடித்துத் தூக்கித் தூக்கித் தரையில் மோதினான் அண்ணன். பாவம், அந்த மனிதர் கையைக்கூடத் திருப்பி ஓங்கவில்லை. திரையில் அவர் ரத்தம் சிவப்பாகச் சொட்டி, தரையில் விழுந்ததும் மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

குழந்தைகள் வீறிட்டன. காவலாளிகள் இருவர் ஓடிவந்து அவனை இழுத்துப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பொம்பளைய அடிக்கிறவன்லாம் ஆம்பளையாடா? இனிமே இவ உன்கூட வாழ மாட்டா! கிளம்பும்மா, பெட்டிய எடு. நம்ம வீட்டுக்குப் போலாம்!"

தங்கை கிளம்பவில்லை. கணவனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். பொறுத்தது போதும் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

"அவர் இன்னைக்கு வரைக்கும் என்மேல கை வச்சதே இல்லண்ணா. என்னை அறைஞ்சது அண்ணி!"

கூடமே தூண் பக்கம் திரும்பியது.

"நீயாடி?" அண்ணன் காவலாளிகளை உதறிக்கொண்டு பாய்ந்தான். "அவளத் தொட உனக்கு எவ்ளோ தைரியம்?"

அவன் கை மேலே போவதற்கு முன்பே அண்ணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தூணோடு தூணாகக் குறுகிவிட்டாள். தங்கை ஓடிவந்து குறுக்கே நின்றாள். அவள் உடை முழுக்கக் கணவனின் ரத்தம்.

"எதுக்கு அடிச்சா? அதையாவது சொல்லு!"

தங்கை அண்ணனின் மடங்கிய முஷ்டியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"'எங்க அண்ணன்கிட்ட அடி வாங்கினது போதும், என்கூட வந்துடுங்க'ன்னு கூப்பிட்டேண்ணா."