வரப்புக்கு அந்தப் பக்கம்

தையல்காரர் பிடுங்கிய கோரைப்புல்லை வரப்பைத் தாண்டி விட்டெறிந்தார். அது போய், பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்திருந்த டீச்சரின் நாற்காலியோரம், ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த களைக் குப்பையின் மேல் விழுந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். அள்ளிக்கிட்டுப் போய்க் கொட்ட நேரமில்ல."

"அதனால என்ன தம்பி, தாராளமா போடுங்க," என்றார் டீச்சர், குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி.

அடுக்குமாடியின் பின்பக்கக் காலியிடத்தைக் குடியிருப்போர் சங்கம் இருபது பாத்திகளாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ளக் குலுக்கலில் கொடுத்திருந்தது. இரண்டு வருடம் காத்திருந்த தையல்காரருக்கு ஏழாம் எண் விழுந்தது. விழுந்ததுதான் விழுந்தது, காடாகவா விழ வேண்டும்! ஞாயிறு பத்து மணிக்குச் செயலாளர் பார்வையிட வருவார். களை மண்டிக் கிடக்கும் பாத்தியை அந்த இடத்திலேயே ரத்து செய்து, அடுத்து காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்.

மூன்று நாளாகக் கடைக்கு லீவு. டீச்சர் பக்கத்து வரப்பில் '7' என்று எழுதி நட்டிருந்த கட்டையில் ஆரம்பித்து '8' என்று எழுதிய கட்டை வரைக்கும் குந்தி குந்தியே நகர்ந்துகொண்டிருந்தார். இந்தக் கோரை இருக்கிறதே, சனியன்! இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, மறுநாள் காலையில் பச்சையாக எட்டிப்பார்க்கும். ஊசி பிடித்த விரலெல்லாம் கொப்புளம். மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, முடிஞ்சுதா இல்லையா? கத்திரி நாத்து வாடுது. இன்னிக்கு நடுறோம்னு மாடி பூரா சொல்லி வெச்சிருக்கேன். பாத்தி போச்சுன்னா நான் யார் மூஞ்சில முழிக்கிறது?"

"பிடுங்கிக்கிட்டேதான்டி இருக்கேன்! அவ்ளோ அவசரம்னா நீ வந்து பிடுங்கு!" போனைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"தம்பி, அந்த மூலையில நாலு நிக்குது பாருங்க," டீச்சர் விரல் நீட்டினார். முப்பது வருடம் பிள்ளைகளை வேலை வாங்கிய குரல்.

தையல்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்குச் சொல்றீங்களே டீச்சர், வந்ததுலேர்ந்து நீங்க ஒரு புல்லாவது பிடுங்கினீங்களா? செயலாளர் வந்தா என்ன பதில் சொல்லுவீங்க?"

"முட்டி வலி தம்பி, குனிய முடியல. கடவுள் விட்ட வழின்னு உக்காந்திருக்கேன்."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகத் தன் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கெல்லாமா பிடுங்கிக்கொண்டிருக்க முடியும்? அவரவர் பாடு அவரவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலைக்கு நகர்ந்தார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கிழங்கும் வந்தது. அதையும் வரப்புக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மண் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. அப்பாடா! இனி எந்தச் செயலாளர் வந்தால் என்ன?

செயலாளர் நோட்டும் பேனாவுமாக வந்து சேர்ந்தார். வரப்பின் மேல் ஏறி, '7' கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். தையல்காரர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, பாராட்டு வாங்கத் தயாராக நெஞ்சை நிமிர்த்தினார்.

"கட்டைக்கு வலது பக்கம் எட்டு, டீச்சரோட பாத்தி. ஒரு புல்லு பூண்டு இல்ல, பிரமாதம்!" செயலாளர் டிக் அடித்துவிட்டு டீச்சர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். முகம் சுருங்கிவிட்டது. "இடது பக்கம் ஏழு... ஐயையோ, என்னங்க இது, குப்பை மேடா கிடக்கு? யாரோடது இது?"

டீச்சர் மெல்லக் குடையை மடக்கினார்.

"பாவம் சார், இந்தத் தம்பியோடதுதான். இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."